மூன்று, முன்பின் ஒன்று

குருநகர் இறங்குதுறைக்குப் பின்னால்
ஐஸ் ஆலையின் ஜெனரேற்றர் அறை.
காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு
புகைக்குழாயின் கழுத்தில் வெப்பமானியைக் கட்டினேன்.
நானூறு பாகை.

"சும்மா போற சூடு," என்றார் றெஜினோல்ட்.
"பிடிச்சுக் கரண்டாக்கித் தாரும் பிள்ளை,
டீசல் காசு என்னைத் தின்னுது."

சும்மா என்ற சொல்லைத்தான்
முதலில் அளக்க வேண்டியிருந்தது.

சூடு இருந்தால் மட்டும் வேலை நடக்காது.
அது விழ வேண்டும்,
விழ ஒரு பள்ளம் வேண்டும்.
மலையில்லாத ஊர், ஆறில்லாத ஊர்,
தண்ணீர் விழுந்து சக்கரம் சுற்றியதை
இங்கே எவரும் கண்டதில்லை.
எனக்குக் கிடைத்த பள்ளம் கடனீரேரி:
முழங்காலளவு ஆழம்,
மத்தியானம் இருபத்தொன்பது பாகை,
அதற்கே வியர்த்துக் கிடக்கிறது.

மீன்பெட்டி எண்ணிய துண்டின் பின்புறம் கணக்கு.
இரண்டு சூட்டோடும்
இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டி,
கீழதை மேலதால் வகுத்து
ஒன்றிலிருந்து கழித்தால்
வினைத்திறன் நூற்றுக்கு ஐம்பத்தைந்து.
"பாதிக்கு மேல!"
றெஜினோல்ட் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

இது கூரை, அண்ணை. வீடு இன்னும் கட்டவில்லை.
இந்த ஐம்பத்தைந்தைத் தருகிற இயந்திரம்
ஒரு சுற்றுச் சுற்ற யுகம் எடுக்கும்.
அவசரமே படாததற்கு வலுவே இல்லை;
அவசரப்படுத்தினால்
வகுத்ததற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.
முப்பத்து மூன்று.

அதன்பிறகு படி இறக்கம்தான்.
புகையை நூற்றைம்பதுக்குக் கீழே ஆறவிட்டால்
கந்தகம் வியர்த்துக் குழாயை அரிக்கும்.
ஆகவே அறுபது கிலோவாட் சூட்டில்
நாற்பதுதான் கைக்கு எட்டும்.
நம் காசுக்கு வருகிற சின்ன இயந்திரம்
அதில் பத்திலொன்று தரும்.
நாலு.
கடல்தண்ணீர் இழுக்கிற பம்பிக்கு ஒன்று.
மூன்று.

மூன்று கிலோவாட்.
ஏல மண்டபத்து விளக்குகள்,
அல்லது உப்புக்கரைசல் பம்பி,
இரண்டும் சேர்த்து அல்ல.
அதுவும் ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில்.
லைன் கரண்ட் வந்தால் இவரும் படுத்துவிடுவார்.

றெஜினோல்ட் எழும்பினார், அமர்ந்தார்.
"ஐஸ் இருக்கெல்லே! அதைப் பள்ளமா வையுமன்."

அழகான யோசனை.
எனக்கு வந்திருக்க வேண்டியது.
சுழியம் பாகையைப் போட்டுப் பார்த்தேன்:
ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்பது ஆகிறது.
காகிதத்தில் நாலு கூட.
அதற்கு மணிக்குப் பத்துப் பாளம் உருகும்,
பாளம் நாற்பது கிலோ,
ஒவ்வொன்றும் இதே ஜெனரேற்றர்
டீசல் குடித்துப் பெற்ற பிள்ளை.
கிணற்றில் அள்ளியதைக் கிணற்றில் ஊற்றி
துலா மிதித்தவனுக்குக் கூலியும் கொடுப்பது போல.

அவர் சிரித்தார்.
சிரித்து முடிய நேரம் எடுத்தது.

தயாபரன் அதுவரை வாய் திறக்கவில்லை,
எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.
குழாயின் வளைவில் அவரது சோற்றுப்பாத்திரம்,
மேலே கம்பியில்
உப்புத்தண்ணீரில் நனைந்த சாரம்.
"உறை போட்டு மூடினா
இது எங்க சுடுகிறது?"

நான் இழப்பு என்று எழுதிய வரியில்
ஒருவரின் மத்தியானம் இருந்தது.
மதிப்பிட்டேன். நூறு வாட், மிஞ்சினால் இருநூறு.
என் கணக்கு முன்பின் ஒன்று பிழைக்கும்;
அந்தப் பிழைக்குள்ளேயே
சோறும் மீன்குழம்பும் தாராளமாக அடங்கின.
வளைவுக்கு உறை வேண்டாம் என்று எழுதினேன்.
காரணம் எழுதவில்லை.

றெஜினோல்ட் ஐஸ் அறைக் கதவில்
சோக்கட்டியால் பெரிதாக 3 என்று போட்டார்.
முன்பின்னை விட்டுவிட்டார்.

நான் புறப்படும்போது
கதவின் ஈரத்தில் அது வழிந்து
8 போலத் தெரிந்தது.
ஏலத்துக்கு வந்த ஒருவர் நின்று பார்த்தார்.
முழங்கையால் துடைத்து
மறுபடி எழுதினேன், சின்னதாக,
பக்கத்தில்
அந்த ஒன்றையும்.