சா

தருலதாபென் என் தோளைத் தொட்டு
"சா?" என்றாள்.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.
காட்கோபரில், ஐசியூ வாசலில்,
ஒன்றோடொன்று திருகி மாட்டிய நாற்காலி வரிசையில்
நான் ஏழாவது.
உள்ளே துரைப்பழம்,
முலுண்டில் லிப்ட் ரிப்பேருக்குப் போய்
அதே லிப்ட்டின் குழியில் நாலு மாடி விழுந்தவர்.

எங்கள் பக்கத்தில் சகரத்தை அழுத்தித்தான் சொல்வோம்.
கடன்காரனைப் பார்த்து,
பற்றாத ஸ்டவ்வைப் பார்த்து,
சா, செத்துத் தொலை.
வல்லினம்.
நாக்கு அண்ணத்தை அறைந்துவிட்டுத் திரும்பும்.

அவள் கையில் தெர்மாஸ் மூடி, ஆவி, இஞ்சி வாசம்.
குஜராத்தியில் அவ்வளவுதான்: தேநீர்.
பதினாறு வருஷமாக மும்பையில் இருப்பவளுக்கு
இது தெரியாதா?
தெரியும். பகலில் தெரியும்.
அப்புறம் என்று கையைக் காட்டினேன்.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித் தருகிறவள்.
சுவர் அட்டையில் ச, சட்டை.
சா, சாவி.
அதை வரைந்தவன் கெட்டிக்காரன்.
தனியே நின்றால் பொருள் தந்துவிடும் எழுத்துக்கு
அவசரமாக ஒரு துணை சேர்த்துவிட்டான்.
அபிஷா மட்டும் ஒருநாள் கேட்டாள்:
"டீச்சர், வியை அழிச்சா என்ன?"
அழித்தால் இம்போசிஷன் என்றேன்.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன், தூக்கம் வரவில்லை என்று,
இந்த எழுத்தைப் பற்றியும்.
கொரியன் சீரியல் பார்த்தே வளர்ந்தவள்.
"அங்க அது காரும்மா. டீயும்தான். தூங்கு."

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது.
பச்சை உடுப்பில் ஒரு சாளுங்கே
காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டான்:
"துரைப்பழம்சா நாத்தேவாயிக் கோண்?"

பெயரின் வாலில் அதே எழுத்து.
மராத்தியில் அது வெறும் உருபு.
ஆறாம் வேற்றுமை. இன்னாருடைய.
துரைப்பழத்தின் சொந்தக்காரர் யார் என்பதற்கு மேல்
அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை.
என் முழங்கால்களுக்கு மராத்தி தெரியவில்லை.
சுவரைப் பிடித்து எழுந்து
"பாய்க்கோ" என்றேன், மனைவி.

"துரைப்பழம்சீ பாய்க்கோ" என்று
எழுதிக்கொண்டே திருத்தினான்.
பெண்ணென்றால் சா, சீ ஆகிவிடும்.
அவர்கள் இலக்கணம் அப்படி.
பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதரை
எத்தனை சீ சொல்லியிருப்பேன்,
ஈரத் துண்டுக்கு, பீடி நாற்றத்துக்கு, சும்மாவே.
சிரித்துவிட்டேன்.
ஐசியூ வாசலில் ஒருத்தி சிரித்தால்
யாராவது தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

இரண்டு யூனிட் ரத்தம். கையெழுத்து. கீழே போக வேண்டும்.

படி திரும்பும் இடத்தில் காவலுக்கு நிற்கும் பிராஞ்சல்,
அஸ்ஸாம்காரன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை,
போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி
அந்தப் பக்கத்துக் குழந்தை யாரிடமோ
"சா, சா" என்று கொஞ்சினான்.
அவன் சகரம் பஞ்சு.
நான் நின்றுவிட்டதைப் பார்த்து
இந்தியில் சொன்னான்:
பார் என்று அர்த்தம், தீதி. மெட்ரோ வருது, பார்.

பார்த்தேன்.
நாளின் முதல் வண்டி.
பெட்டி பெட்டியாய் வெளிச்சம், ஆளே இல்லை.
வளைவில் கொஞ்சம் சாய்ந்து
நிமிர்ந்து போய்விட்டது.

திரும்பி வந்தபோது தருலதாபென் தூங்கியிருந்தாள்.
என் நாற்காலியில் மூடி, அதன் மேல் அவள் மகனின் எக்ஸ்ரே உறை.
ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.
குடித்தேன். சர்க்கரை அதிகம்.

உடன்குடிக்காரர் அவர். இதைச் சாயா என்பார்.
இலக்கணத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளும் இருக்கிறது:
சரியாத, விழாத.
நாலு மாடி விழுந்தவரிடம்
அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆறரைக்கு ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள்.
முகம் பாதி கட்டுக்குள்.
காது மட்டும் பழைய காது,
மடலில் கிரீஸ் கறை, யாரும் துடைக்கவில்லை.
குனிந்து,
குடிக்கிறீர்களா என்று கேட்பதாகத்தான் நினைத்தேன்.

சா,
என்று தொடங்கி
வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.
சாளுங்கே கடிகாரத்தைப் பார்த்தான்.

யா
என்றேன்.