தொடுதிரை அல்ல

பர் துபாயில், கணினிக் கடைகள் நெருக்கி நிற்கும் வீதியில்
எங்கள் ஏசிக் காற்று
வாசலைத் தாண்டி இரண்டடி வரை போகும்.
அந்த இரண்டடியில் நின்றே விலை கேட்டுவிட்டு
வியர்வை காய்ந்ததும் போய்விடுகிறவர்கள் அதிகம்.
இவர்கள் உள்ளே வந்தார்கள்.

மகளுக்கு அஜ்மானில் மெடிக்கல் காலேஜ்.
கீழக்கரையிலிருந்து வந்து பதினோரு நாள்.
ஜுவைரியா என்ற பெயர் பில் போடும்போதுதான் தெரிந்தது.
கையில் நான்காய் மடித்த தாள்:
மெமரி எட்டா பதினாறா,
எத்தனை கிலோ,
உள்ளே ஃபேன் இரையுமா
(லைப்ரரியில் திட்டுவார்களாம்).

வாப்பாவிடம் தாள் இல்லை.
ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் ஏந்தி
வாளை மீன் வாங்குகிறவர் போல
எடை பார்த்துக் கீழே வைத்தார்.
பிறகு கேட்டார்:
"உங்க தங்கச்சியா இருந்தா எதைச் சொல்வீங்க தம்பி?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் மூன்று பதில்கள் உண்டு.
முதலாளி பக்கத்தில் நின்றால் ஒன்று.
மாதக் கடைசியில் கமிஷன் குறைந்திருந்தால் ஒன்று.
மூன்றாவதைச் சொல்லி நாளாயிற்று.

"பழசும் இருக்கு" என்று ஒன்றை எடுத்து வைத்தேன்.
ஸீயும் வீயும் எழுத்தே தெரியாமல் தேய்ந்திருந்தன.
"முன்னாடி வச்சிருந்தவர் எல்லாத்தையும் காப்பி அடிச்சே பாஸ் ஆயிருக்கார்"
என்றாள்.
மூன்று பேரும் சிரித்தோம்.
அதை அங்கேயே மூடி வைத்தோம்.

"இதுல இதயம் ஓடுமா?"
அவள் கேட்டது உடற்கூறுப் படம்.
திருப்பிப் பார்க்கலாம், தோலுரிக்கலாம்,
ஒவ்வொரு குழாயிலும் பெயர் எழுதியிருக்கும்.
ஆயிரத்து நானூறு திர்ஹம் கணினியில் இறக்கினேன்.
கால்வாசி திரும்பி
பாதித் துடிப்பில் நின்றுவிட்டது.
இரண்டாயிரத்து முன்னூற்றைம்பதில்
நிற்காமல் திரும்பியது.

வாப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
"இதுல எல்.ஏ.டி. எதுமா?"
அவள் பெயர்களைப் படித்துக்கொண்டே போய்
ஓரிடத்தில் விரலை அழுத்தினாள்.
அது தொடுதிரை அல்ல என்று
முதலிலேயே சொல்லியிருந்தேன்.
"இது வாப்பா. ஏன்?"
"அங்கதான் எனக்கு ஸ்டென்ட் வச்சான்."

எந்த ஸ்டாப்பில் இறங்குவேன் என்று
டிரைவரிடம் சொல்வதுபோல் சொன்னார்.

"எப்ப?"
"நீ பத்தாவது எழுதினப்ப.
ரெண்டு மாசம் சம்பளம் லேட்டுன்னு சொன்னேன்ல."

இதயம் திரும்பிக்கொண்டே இருந்தது.
பின்னால் பிரிண்டர் யாருடைய விசாவையோ
வரி வரியாகத் துப்பிக்கொண்டிருந்தது.
அவள் விரலை எடுக்கவில்லை.
அவர்தான் என் பக்கம் திரும்பினார்:
"பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்கும் தம்பி?"
"ஒன்பதுன்னு அட்டையில போட்டிருக்கான்.
ஆறுன்னு வச்சுக்குங்க.
மூணாவது வருஷம் நாலு."

ஜுவைரியா தாளை மடித்துப் பைக்குள் போட்டாள்.
கிலோவைப் பற்றி, ஃபேனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"இதுவே" என்றாள்.
எனக்குக் கமிஷன் நாற்பது திர்ஹம்.
வாங்கிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இலவசப் பைக்கு வாப்பா கை நீட்டினார்.
அவள் முந்திக்கொண்டாள்.
"ரெண்டு கிலோ முன்னூறுதானே" என்றார்.
"தெரியும்" என்றாள், தரவில்லை.
வெளியே ஆகஸ்ட்.
சிக்னலில் பச்சை மனிதன் வரும்வரை
அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
அவர் இன்னும் ஏதோ விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

காட்சிக்கு வைத்த கணினியில் படத்தை மூடினேன்.
கறுத்த திரையில்
ஒரு விரல் ரேகை மட்டும் மிஞ்சியது.
கடை மூடும்முன் எல்லாத் திரையையும் துடைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் முதலாளி கத்துவார்.
துடைத்தேன்.
போகவில்லை.
இன்னொரு முறை, ஊதித் துடைத்தேன்.