நாற்பத்தொரு நொடி

டிரோம்சோவில் சூரியன் எழாத மாதம்.
பொத்தானில் என்ன எழுதுவது என்று
மூன்று வாரமாய்ச் சண்டை.
'அழை' என்றால் அதிகாரம், என்றாள் சோல்வைக்.
'வாயேன்' என்றால் கெஞ்சல், என்றான் இவார்.

சோதிக்க வந்த ஒட்வார்
மீன் லாரி ஓட்டியவர், முழங்காலில் கட்டு.
திரையில் நடக்கும் ஆறரை மணி உடற்பயிற்சிக்கு
ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றோம்.
பட்டியலை மேலும் கீழும் தள்ளினார்.
பல் மருத்துவர். டயர் கடை.
பெர்கனில் மகள்,
கடைசியாகப் பேசியது ஏப்ரலில்.
விரல் அங்கே நின்றது.
நாற்பத்தொரு நொடி.
'தாமதம்' என்று அட்டவணையில் பதிந்தேன்.

அனுப்பவில்லை.
"சோதனைதானே" என்று சிரித்தார்.

இரவு, யாரிடமும் கேட்காமல்,
'மறுத்தார்' என்ற சிவப்புச் சொல்லை அழித்தேன்.
அந்த இடத்தில் இப்போது
ஒரு பாய்,
விரித்தபடி.