நாற்பத்தோராயிரம்

ஐஸ் தொழிற்சாலையில் பதினொரு மாத இரவுகள்
இறப்பர் வளையம் போட்டு
என் கால்சட்டைப் பையில் மடிந்து கிடக்கின்றன.
நாற்பத்தோராயிரம்.
கூடவே அலுவலகக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்து
கேட்காமல் கழற்றிவந்த காந்தம் ஒன்று.

உட்துறைமுக வீதியில் ஜௌபர்டீனின் கடை.
கொள்கலனில் வந்த பழைய சைக்கிள்கள்
கழுத்தோடு கழுத்து சிக்கி நிற்கின்றன.

“இத எடுங்க தங்கச்சி.
முன்னுக்கும் ஷொக்ஸ், பின்னுக்கும் ஷொக்ஸ்,
இருபத்தொரு கியர்.
ஐம்பத்தெட்டு. உங்களுக்கெண்டா ஐம்பத்தஞ்சு.”

செம்மஞ்சள். கண்ணைப் பறித்தது, ஒத்துக்கொள்கிறேன்.
முன் பிறேக்கைப் பிடித்தபடி
ஒரு அமுக்கு அமுக்கினேன்.
ஆஸ்பத்திரிக் கட்டில்போல முனகி இறங்கியது,
திரும்பி ஏறிவர யோசித்தது.
மண்மேட்டிலிருந்து விழுகிற உடம்பை
இது ஏந்தாது, வேடிக்கை பார்க்கும்.
பாய்வதற்கு ஒரு கியர் போதும்.
மற்ற இருபதும்
கழன்று விழுவதற்கு.

அடுத்தது சாம்பல் நிறம்.
காந்தம் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. அலுமினியம்.
பாரமில்லை, விலையும் கைக்குள்.
வாங்கியே விட்டேன் என்றுதான் நினைத்தேன்.
கைபிடிக்குக் கீழே குழாய்கள் சேருமிடத்தில்
நகத்தை ஓட்டிப் பார்க்கும்வரை.

“அது பெயின்ட் வெடிப்பு தங்கச்சி.”

பெயின்ட் என்றால் நகம் வழுக்கியிருக்கும்.
இது கடித்தது.

வேலைத்தளத்தில் லோறன்ஸ் அண்ணன் சொல்லியிருந்தார்:
“இந்தக் காசுக்கு ஸ்கூட்டிக்கு முற்பணம் கட்டலாமே பிள்ளை,
நிலாவெளிவரைக்கும் சொகுசாய்ப் போய் வரலாம்.”
போகலாம்தான்.
எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை அண்ணன்.
பத்தடி தூரம்.
தரையில்லாமல்.

கடைசியில் தறப்பாளுக்குப் பின்னால் அது.
கறுப்பு. பெயரை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.
கியர் இல்லை. குட்டை உடம்பு.
இருக்கை என் முழங்காலுக்குக் கீழே கிடந்தது;
அந்தரத்தில் நானும் அதுவும்
முட்டிக்கொள்ள மாட்டோம்.
காந்தத்தை வைத்தேன்.
டக்.

அமுக்கினேன். இறுக்கமாக இறங்கி, சொன்ன பேச்சுக்கு எழும்பியது.
நகம் எங்கும் தடுக்கவில்லை.
இருக்கையை உருவித் தலைகீழாய்க் கவிழ்த்தேன்:
கால் கரண்டி துரு,
கொஞ்சம் மணல்,
எந்த நாட்டுக் கடற்கரையோ.

“முப்பத்தாறு.”
“உள்ளுக்குத் துரு கொட்டுது நானா.”
“திருகோணமலையில துருப்பிடிக்காதது என்ன இருக்கு?”
இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.
ஆனாலும் முப்பத்தொன்றரைக்கு வந்தார்.

தடித்த ரயர் இரண்டு, ஆறாயிரம்.
தலைக்கவசம் மூவாயிரத்து இருநூறு.
அதில் மட்டும் பேரம் பேசவில்லை;
போன ஆவணியில் இசுறுவின் காறை எலும்பு
முறிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது,
பச்சைத் தடி முறிவதுபோல்.
எலும்புக்குத் தப்பித்தான். தலை என்றால்?

மிச்சம் முந்நூறு. ஒரு பிளேன்ரீ,
இரண்டு வடை.

இரவு, படகு எஞ்சினில் வடித்த கறுப்பு ஒயிலை
குழாய்க்குள் ஊற்றி
இப்படியும் அப்படியும் சரித்தேன்.
வாடைக்காற்று தொடங்குமுன் உப்புக்கும் இரும்புக்கும் நடுவே
யாராவது நிற்க வேண்டுமே.
அம்மா கதவோரம் வந்து பார்த்தா.
“யதுர்ஷி, இதுக்கு மட்காட் எங்க?”
இல்லையம்மா.
“பெல்?”
இல்லை.
“அப்ப என்னத்துக்குக் காசு குடுத்தனீ?”

இன்று பின்னேரம் லிங்கநகருக்குப் பின்னால்,
வீடு கட்டக் கொட்டிப் பிறகு கைவிட்ட மண்ணில்
நாங்கள் வெட்டிய இரண்டு மேடுகள்.
றிஸ்மி தண்ணீர் தெளித்துத் தட்டி முடித்திருந்தான்.
நான் தூரத்தில், ஒரு கால் பெடலில்.

இறங்கவேண்டிய மேட்டின்மேல்
மான் ஒன்று படுத்திருக்கிறது.
பஸ் நிலையத்தில் சோற்றுப் பார்சல் கடதாசி தின்னும் கூட்டத்தில் ஒன்று,
காதில் கிழிசல்.
இசுறு மண்வெட்டியைத் தட்டினான்.
அது அசைபோட்டபடி எங்களைப் பார்த்தது.
ஓடிவந்து உன்னிய சுவடு எதுவும் கீழே இல்லை.
எப்படி ஏறியதோ.

வெளிச்சம் இன்னும் இருபது நிமிடம் இருக்கும்.
பிறேக்கைப் பிடித்து ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறேன்.
குழாய்க்குள் எங்கோ
ஒயில் மெதுவாக இறங்குகிறது.