இருபத்தெட்டு நாள்

கழுத்துப் பிடிப்புத்தான் முதலில் முடிவெடுத்தது.
தயாபரனின் வானுக்கு அடியில்
அட்டைப் பெட்டியை விரித்து மல்லாந்து கிடந்தேன்.
கண்ணுக்குள் துருத் தூள்.
"போதும்" என்றேன் சைலன்சரைப் பார்த்து.
"இனி நீ மேலே போ.
நான் கீழே வரமாட்டேன்."

இரண்டு காலா, நாலு காலா?
மூன்று கிழமையாக
சோற்றுக்கும் ரசத்துக்கும் நடுவில் இதே பேச்சு.
நாலு காலென்றால் ஒன்றை மேலே ஏற்றிவிட்டு
இன்னொன்றைக் கீழே விடலாம் என்றான்.
கராஜை அலுமாரியாகக் காண்கிறவன்.
எனக்கோ சில்லுகள் தொங்கவேண்டும்,
காற்றில் கால் ஆட்டியபடி
ஒரு வண்டி எனக்கு முன்னால் நிற்கவேண்டும்.

கூரையை அளந்தோம். போதும்.
கதவு ஓடும் தண்டவாளம் இடிக்கும்,
அதை உயர்த்த எழுநூறு டொலர்.
விற்பவன் கடைசியாக ஒன்று கேட்டான்:
"தரை எவ்வளவு தடிப்பு?"

பதினொரு வருஷம் அதன்மேல் நடக்கிறோம்.
தெரியாது.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது
ஆற்றுக்கு மட்டும் என்றிருந்தேன்.

மூலையில் ஒரு துளை போட்டேன்.
அலறிக்கொண்டே போன துளைப்பான்
சட்டென்று அடங்கி
மண்ணுக்குள் வழுக்கி இறங்கியது.
நுனி வளைத்த கம்பியை விட்டு அளந்தேன்.
எண்பத்தைந்து மில்லிமீற்றர்.
வேண்டியது நூற்றைம்பது.
திரும்பவும் அளந்தேன்.
எண்பத்துநாலு.

மெல்டன் மண் கோடையில் வெடிக்கும், மழையில் வீங்கும்.
அன்றிரவு கட்டிலில் புரண்டு படுக்கவும் யோசனையாக இருந்தது.

அடுத்த வீட்டுக் கொரான் வெட்டுவாளோடு வந்தான்.
இரண்டு சதுரம், ஆளுக்கொரு குழி மாதிரி.
அடியில் ஒரு தச்சுப் பென்சில் கிடந்தது,
கட்டியவன் காதிலிருந்து விழுந்ததோ என்னவோ,
இன்னும் எழுதுகிறது.
இவ்வளவு சின்ன வேலைக்கு லொறி வராதாம்.
தொண்ணூற்றாறு மூட்டை.
நாலு கால் கேட்டவன்தான் அத்தனையும் குழைத்தான்,
ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு முனகல்.

பிறகு காத்திருப்பு.
பிள்ளை பிறந்தால் முப்பத்தொன்று,
தரைக்கு இருபத்தெட்டு.
மச்சாள் கலாநிதி ஃபோனில் கேட்டாள்,
பூட்டியாச்சோ என்று.
"இல்லை, இன்னும் துடக்குக் கழியவில்லை."
காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன்.
ஒரு பூனை நடந்துபோன தடம்
இடப்பக்கச் சதுரத்தில் இப்போதும் இருக்கிறது.

இருபத்தொன்பதாம் நாள்
தூண்கள் எழுந்தன. ஒன்று சற்றே சாய்ந்திருந்தது.
அடியில் தகடு செருகி,
நீர்மட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.
பத்து போல்ட்.
முறுக்குத் திருகி ஒவ்வொன்றுக்கும் 'கிளிக்' என்றது,
பல்லிச் சகுனம் போல.

வானைத்தான் முதலில் ஏற்றினோம்.
ஒரு சாண் உயர்த்தி, பம்பரைப் பிடித்து உலுக்கினேன்.
அசையவில்லை.
டக். டக். டக்.
பூட்டுப் பல் ஒவ்வொன்றாய் விழ
தலைக்குமேல் இரண்டு தொன்.

நிமிர்ந்து நின்றேன்.
கழுத்து நோகவில்லை.
விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.

வார்னம்பூலில், கடலோரத்தில் வாங்கிய வான்.
தாங்கும் கை பிடித்த இடத்துக்கு
ஒரு சாண் தள்ளி, சட்டத்தில்
கறுப்புப் பெயின்ற் பொருமியிருந்தது.
சுட்டுவிரலால் அழுத்தினேன்.
விரல் உள்ளே போய்விட்டது.

ஆறு வருஷம் இதற்குள் இருந்துதான்
பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோனோம்.

"என்ன?" என்றான் தயாபரன்
சுவிட்சில் கை வைத்தபடி.
விரலை எடுக்காமல் சொன்னேன்:
"கொஞ்சம் பொறு.
இதன் தடிப்பை அளக்கிறேன்."