படிகாரம்

கோத்தகிரியில் கொழுந்தியா வீட்டுப் பால்காய்ச்சு முடிந்து
திரும்பும் வழியில்
நர்சரிக்காரன் நூற்றெண்பது சொன்னான்.
களஞ்சியம் நூற்றிருபதில் நின்றாள், நகரவில்லை.
மதுரையில் பஸ் மாறும்போது
முண்டியடித்து என்னை ஏறச் சொன்னாள்,
செடிக்கு ஜன்னல் சீட்டு பிடிக்க.

ஹைட்ரேஞ்சியா.
ஒரு கொத்து, முழு நீலம்.
கடல் ஊரில் நீலத்துக்கா பஞ்சம் என்றேன்.
"மண்டபத்துக்கு ரெண்டு கடல்,
நான் வாக்கப்பட்டு வந்த நாளா
ஒண்ணாவது இந்த நீலத்துல இருந்துச்சா?"

சலூனுக்குப் பின்னால் எங்கள் கொல்லை.
ஒரு முழம் தோண்டினால் சிப்பி,
அதற்குக் கீழே பாறைப்பொடி,
அதற்கும் கீழே தண்ணீர்,
வாயில் வைத்தால் துப்பவேண்டும்.
பூவரசும் தென்னையும் இந்த ஊர்க்காரர்கள்.
மற்றதெல்லாம் விருந்தாளி,
தொட்டியில்தான் பாய் போடவேண்டும்.

தென்னைநார்த் தூள், சாணி எரு,
டீக்கடைச் சக்கை,
அடியில் ஒரு கை
கடையில் கூட்டிய முடி.
யார் யார் தலையென்று செடி கேட்கவில்லை.

முதல் வாரமே நீலம் கருகி உதிர்ந்தது.
உச்சி வெயிலில் இலையெல்லாம்
பிழிந்து போட்ட துணி.
போச்சு என்று குடத்தைச் சாய்த்தாள்.
மக்ரிப் பாங்கு கேட்கும்போது தானாக நிமிர்ந்தது.
அது சாவில்லை, மயக்கம்
என்று தெரிந்துகொள்வதற்குள்
பாதி வேர் அழுகியிருந்தது.

கச்சான் காற்று மணலை வீசியபோது
நம்புராஜன் தன் படகின் கிழிந்த வலையைத் தந்தான்.
நாலாக மடித்துக் கட்டினோம்.
மீன் வாடை போக இரண்டு மாதம்.

தண்ணீர்தான்.
குடம் பன்னிரண்டு ரூபாய் கொடுத்துப்
பூவுக்கு ஊற்றினால் தெரு பேசும்.
ஏசி மெக்கானிக் கிளாட்வின் சொன்னான்:
"சொட்டுற தண்ணில உப்பே கெடையாதுண்ணே."
சுவரில் ஓட்டை போட்டுக்
குழாயைக் கொல்லைப் பக்கம் திருப்பினேன்.
அன்றிலிருந்து யாருமே வராத மதியங்களிலும்
கடையில் ஏசி ஓடுகிறது,
ஒரே ஒரு வாடிக்கைக்காக.
கரண்டு பில்லை அவள் பார்ப்பதில்லை.

சுண்ணாம்பு மண்ணில் நீலம் ரோஸாகிவிடும்,
படிகாரம் கரைத்து ஊற்றுங்கள்
என்றாள் வேளாண்மை ஆபீஸ் பெண்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
முப்பது வருஷமாக என் கையில் இருக்கிற கல்.
கத்தி பட்ட கன்னங்களில் தேய்த்துத் தேய்த்துச்
சோப்புத் துண்டாய் இளைத்தது.
உடைத்து, ஒரு வாளிக்கு ஒரு சிட்டிகை,
பதினைந்து நாளைக்கு ஒரு தரம்.

இலை வந்தது, இலை வந்தது,
பூ வரவில்லை.
தை மாதம் ஒரு ஞாயிறு
அவள் பரமக்குடி போயிருந்தாள்.
செடி காடாய்க் கிடக்கிறதே என்று
கத்தரிக்கோலை எடுத்தேன்.
பக்கம் இறக்கி, மேலே மட்டம் செய்து,
கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தினேன்.

போன வருஷக் கொம்பின் நுனியில்தான்
மொட்டு கட்டுமாம்.

மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள்
கொல்லைக் கதவுக்குப் பூட்டு வாங்கி வந்தாள்.
சாவி அவள் முந்தானையில்.

அடுத்த மாசியில் கதவைத் திறந்துவிட்டாள்.
எலுமிச்சம்பழ அளவு ஒரு கொத்து.
பாதி முகத்தில் சோப்பு நுரையோடு
எழுந்து வந்து பார்த்தான் நம்புராஜன்:
"கத்தரிப்பூ நெறம்."
நாகூர் மீரா ரோஸ் என்றார்.
சாயம் போன போலீஸ் ஜீப்பு என்றான்
வரிசையில் இருந்த பாலிடெக்னிக் பையன்.
எனக்கு ஓரத்தில் நீலம் தெரிந்தது,
தெரிந்ததாகச் சொன்னேன்.

களஞ்சியம் எதுவும் சொல்லாமல்
வெகுநேரம் குனிந்து நின்றாள். பிறகு,
"கடல் இன்னைக்கு என்ன நெறம்னு
பாத்துட்டு வாங்க."

வடகடலா, தென்கடலா என்று கேட்டேன்.

ரெண்டும் என்றாள்.

போகவேண்டும்.
நம்புராஜனுக்கு இன்னும் ஒரு கன்னம் பாக்கி.