நாற்பத்து நான்கு நிமிடம்

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில்
நடுவே ஒரு கோடு இழுத்தேன்.
இடப்பக்கம் கார். வலப்பக்கம் பஸ்.

சுமிஸ்வால்டிலிருந்து புர்க்டோர்ஃபுக்குக்
காரில் பத்தொன்பது நிமிடம்,
பஸ்ஸில் நாற்பத்தொன்று.
அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வகை.
பால் பண்ணை வாசல், மூடிக் கிடக்கும் தபால் நிலையம்,
எவரும் ஏறாத தேவாலயத் திருப்பம்,
எல்லாவற்றுக்கும் முகம் காட்டிவிட்டுத்தான் போகும்.

போக இருபத்திரண்டு மிச்சம், வர இருபத்திரண்டு.
வருஷத்துக்கு ஏறக்குறைய ஏழு நாள் என்று
பெருக்கிக் காட்டினார் பவானந்தன்.
ஏழு நாளை யாராவது
வழியில் போட்டுவிட்டு வருவார்களா?

வாங்கினோம்.
வெரேனாவின் தம்பி விற்ற சாம்பல் நிற சுபாரு,
பின்சீட்டில் அவருடைய நாயின் மணத்தோடு.
காப்புறுதி, வரி, பெட்ரோல், குளிர்கால டயர் நான்கு,
வேலையிடத்தில் நிறுத்தி வைக்க மாதம் எண்பது பிராங்க்.
யானையைக் கட்டித் தீனி போடுகிறோம் என்று
முதல் மாதமே தெரிந்துவிட்டது.
என்றாலும் யானை மேல் இருந்து பார்த்தால்
ஊர் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது.

பொய் சொல்லக் கூடாது.
காருக்குள் நான் சத்தமாகத் தமிழ் பேசினேன்.
சமையலறை மேலாளருக்கு
இரண்டு வருஷமாகச் சொல்லாத பதிலை
வளைவுக்கு வளைவு திருத்திச் சொன்னேன்.
முன்கண்ணாடி முழுவதையும் கேட்டது.
வைப்பர் மட்டும்
இல்லை, இல்லை என்றது.

வலப்பக்கத்தில் நான் எழுத மறந்தது
செலாமை.

மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுவாள்.
எரித்ரியாக்காரி, வங்கியில் துப்புரவு வேலை.
அவளுக்காகப் பக்கத்து இருக்கையில்
என் பையை வைத்திருப்பேன்.
எங்கள் இருவருடைய ஜெர்மனும் ஒரே இடத்தில் உடையும்.
உடைந்த இடத்திலிருந்து கைகள் பேசும்.
அவள் மகனுக்குப் பல் விழுந்ததை,
என் பித்தப்பையில் எடுத்த கல்லின் அளவை,
வீட்டுக்காரன் கூட்டிய வாடகையை
விரல்களால்தான் சொல்லிக்கொண்டோம்.

ஜனவரியில் ஒரு காலை, பஸ் வரவில்லை.
பனி கொட்டுகிறது, நிறுத்தத்தில் அவள்.
காரை ஓரம் கட்டினேன். ஏறினாள்.
சூட்டைக் கூட்டினேன்.
இருக்கை நல்லது என்றாள்.
பிறகு, மகன் என்றாள்.
பிறகு ஏதோ சொல்ல வந்து
இரண்டு கைகளையும் விரித்தாள், மடக்கினாள்.
ஓரக்கண்ணுக்கு அது
கூரை மோதித் திரும்பும் பறவை போல் இருந்தது.
எனக்கு வீதியைப் பார்க்க வேண்டியிருந்தது.
என் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்.

மகனுக்கு என்ன என்று
இன்னும் தெரியாது.
மீதி வழியெல்லாம் ஹீட்டர்தான் பேசியது.
இறங்கும்போது
கியருக்குப் பக்கத்தில் இரண்டு பிராங்க் நாணயம் ஒன்றை
வைத்துவிட்டுப் போனாள்.
அதைத் தொட எனக்கு மூன்று நாள் ஆனது.

விற்கவில்லை.
சனிக்கிழமை இரவு வேலை முடிய பஸ் இருக்காது.
இரண்டு தோணியில் கால் என்கிறார் பவானந்தன்.
இரண்டும் என் காசில் மிதக்கிற தோணி என்கிறேன்.
மிச்சம் பிடித்த அந்த நிமிடங்களை
இருவரும் வீடு முழுக்கத் தேடியாயிற்று.
ஒரு தூக்கத்தின் அடியில்கூட இல்லை.

இன்று காலை கண்ணாடியில் இறுகிய பனியைச் சுரண்டக்
கைக்கு அகப்பட்டது,
நிறுத்த மறந்து இந்த மாதமும் காசு போன
பஸ் அட்டை.
பாதிக் கண்ணாடி தெளிவதற்குள்
அதன் மூலை தெறித்து விழுந்தது.

ஐந்து நாற்பத்தாறு.
மேட்டில் மஞ்சள் வெளிச்சம் திரும்புகிறது.
மூலை போன அட்டையை
அந்த இயந்திரம் ஏற்குமோ தெரியாது.
பையை எங்கே வைப்பதென்று தெரியும்.